காருக்கும் மார்க் உண்டு!

கார் வாங்கப் போகிறீர்களா? திருப்பூரில் முதல் கேள்வி, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?" அடுத்தது, "பின்னால் எத்தனை பனியன் பண்டல் பிடிக்கும்?"

மோதினால் என்ன ஆகும்? அதை யாரும் கேட்பதில்லை!

விடை இருக்கிறது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரைத் தடுப்பில் மோதவிடுகிறார்கள். உள்ளே ஆட்களுக்குப் பதில் பொம்மைகள். பொம்மைக்குப் பட்ட அடியைப் பார்த்து நட்சத்திரம் தருகிறார்கள். அதிகபட்சம் 5.

மாருதியின் இரண்டு கார்களைப் பாருங்கள். 'குளோபல் என்கேப்' அமைப்பு 2023-ல் வேகன்-ஆரைச் சோதித்தது. பெரியவர்கள் பாதுகாப்புக்கு 1 நட்சத்திரம். குழந்தைகளுக்குப் பூஜ்யம்! 2024-ல் புது டிசையருக்குப் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4. ஒரே கம்பெனிதான்!

2025-ல் வேகன்-ஆருக்கு 6 காற்றுப் பைகள் வந்துவிட்டன. நல்லது. ஆனால் அதன் கூடு உறுதியாக இல்லை என்பதும் அந்தச் சோதனையின் முடிவு. பை வேறு, கூடு வேறு.

பண்டல் ஏற்ற வேகன்-ஆர்தான் வசதி. டிசையர் விலையும் கூடுதல். இருக்கட்டுமே! பண்டலுக்கு டெம்போ பிடிக்கலாம். 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது. அந்த மிச்சத்தைப் பாட்டுப் பெட்டியில் கொட்டுவானேன்?

நம் நாட்டிலேயே 'பாரத் என்கேப்' சோதனை 2023 அக்டோபரில் தொடங்கியது. கட்டாயமில்லை; விரும்பிய கம்பெனி அனுப்பலாம். முன்பணம் கட்டுமுன் கேளுங்கள். "இந்தக் காரைச் சோதனைக்கு அனுப்பவில்லை" என்றால், அடுத்த காரைக் காட்டச் சொல்லுங்கள்.