கைக்கு வந்த மொழி



பிலிப்பைன்ஸில் யாரிடமாவது வழி கேட்டால் பலர் விரலை நீட்டமாட்டார்கள்; உதட்டைக் குவித்துத் திசை காட்டுவார்கள். புருவத்தைச் சற்றே உயர்த்தினால் 'ஆமாம்' என்று பொருள். காது கேட்கிறவர்களே முகத்தால் இவ்வளவு பேசும் நாட்டில், காது கேளாதவர்களின் மொழிக்குச் சட்டத்தில் இடம் கிடைக்க 2018 வரை ஆயிற்று என்பதுதான் எனக்கு வியப்பு.

1907-ல் மணிலாவில் காது கேளாதோருக்குப் பள்ளி தொடங்கியவர் டெலியா டிலைட் ரைஸ் என்ற அமெரிக்க ஆசிரியை. அவருடைய பெற்றோரே காது கேளாதவர்கள். பள்ளி இன்றும் பசாய் நகரில் நடக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த சைகைகள் அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் புழங்கிப் புழங்கி, உள்ளூர்ச் சைகைகளோடு கலந்து, தனி மொழியாயின. அதுதான் ஃபிலிப்பினோ சைகை மொழி.

வகுப்பறை அதை மதிக்கவில்லை. 1970களில் ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் கையால் காட்டும் முறை வந்து சேர்ந்தது. சொல்லின் வாலுக்குக்கூடத் தனிச் சைகை! 'நான் இருக்கிறேன் போய்க்கொண்டு, க்கு பள்ளி' என்று நமக்கு ஒருவர் தமிழ் கற்பித்தால் எப்படியிருக்கும்? சைகை மொழியிலோ, 'கொடு' என்று காட்டும் கை போகிற திசையே யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிடும். புருவம் உயர்ந்தால் அங்கே அது 'ஆமாம்' இல்லை, 'ஆமாவா?' என்கிற கேள்வி.

2018 அக்டோபர் 30-ல் கையெழுத்தான குடியரசுச் சட்டம் 11106, ஃபிலிப்பினோ சைகை மொழியைக் காது கேளாத ஃபிலிப்பினோக்களின் தேசியச் சைகை மொழி என்று அறிவித்தது. அதன்படி அவர்களின் கல்வி இந்த மொழியில்தான் நடக்க வேண்டும். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். டிவி செய்தியின் மூலைக் கட்டத்தில் சைகை காட்ட ஆள் வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பிரிவு வேறு: காது கேளாதவர்கள் ஆசிரியர் உரிமம் பெற, அவர்களுக்கு ஏற்ற மாற்றுத் தேர்வுமுறை வேண்டும் என்கிறது சட்டம். தன்னைப் போன்ற ஒருவர் கரும்பலகையின் முன் நிற்பதைப் பிள்ளை பார்க்க வேண்டாமா?

வீட்டுக்குள் சட்டம் நுழையாது. காது கேளாத குழந்தைகளில் பெரும்பாலோர் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பல வீடுகளில் அம்மாவுக்கே சைகை தெரியாது. பிறகு பிள்ளைக்காகச் சைகை கற்றுக்கொண்ட அம்மா அப்பாக்கள் நம் வாசகர்களிலும் இருப்பீர்கள். முதலில் கற்ற சைகை எது? எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்