உயெனோ பூங்காவில் ஓர் ஆலயம்

டோக்கியோவின் உயெனோ பூங்காவுக்கு மிருகக்காட்சிசாலையைக் காணவே பலரும் குழந்தைகளுடன் வருவர். அதனை ஒட்டி, கல்விளக்குகள் அணிவகுத்த பாதையின் முடிவில் நிற்கிறது தோஷோகு என்னும் ஷிண்டோ ஆலயம். 1627-ல் நிறுவப்பட்டது; பொன்ரேக்கு ஒட்டிய இப்போதைய கட்டடம் 1651-ஐச் சேர்ந்தது. இங்கே தெய்வமாகப் போற்றப்படுபவர் தொகுகாவா இயெயாசு. ஜப்பானை ஆண்ட படைத்தலைவர். நம்மைப் போல் பிறந்து இறந்த மனிதர்!

1868-ல் அவர் வமிச ஆட்சி வீழ்ந்தபோது, அதன் விசுவாசிகள் இக்குன்றில்தான் போரிட்டு மடிந்தனர். அருகிருந்த பௌத்த ஆலயமான கானெய்ஜியின் பெருமண்டபம் எரிந்தது. தோஷோகு தப்பியது. 1923 நிலநடுக்கத்திலும், 1945 குண்டுவீச்சிலும் தப்பியது. போர் நடந்த அந்நிலமே 1873-ல் பூங்காவாயிற்று. செர்ரிப் பூக்காலத்தில் இங்கு விரிப்பு விரித்து உண்டு மகிழ்வோரில் இதை நினைப்பவர் எத்தனை பேரோ!

வழிபடுவோர் இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிகின்றனர். காண வருவோரை எவரும் வற்புறுத்துவதில்லை. அல்லாஹ்வுக்கன்றித் தலைவணங்காத நாம் ஒதுங்கி நின்று, வாயிலின் மரச்செதுக்குகளைப் பார்க்கலாம். அங்குள்ள இரு டிராகன்களும் இரவில் இறங்கிச் சென்று ஷினோபாசு குளத்தில் நீர் பருகுமாம். சகோதரிகளே, உங்கள் வீட்டுக் குழந்தைகளிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.