பிளாஸ்டிக் காந்தம் தெரியுமா? ரூ.7,280 கோடி திட்டம் மறந்த பொருள்!

2025 ஏப்ரலில் 7 அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்துச் செய்யும் காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டதும், இந்திய வாகன நிறுவனங்கள் ஆடிப்போயின. நவம்பரில் ரூ.7,280 கோடி காந்தத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நல்ல விஷயம்தான். ஆனால், அது ‘சின்டர்டு’ காந்தத்துக்கு மட்டும். அதாவது, உலோகத் தூளை அழுத்தி, உலையில் சுட்டு இறுக்கும் வகை. பிளாஸ்டிக் கலந்து செய்யும் ‘பாண்டட்’ காந்தம் அதில் இல்லை.

அது எப்படித் தயாராகிறது?

நியோடைமியம், இரும்பு, போரான் கலந்த உலோகக் குழம்பை, படுவேகமாகச் சுழலும் செம்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சுவார்கள். பட்ட மாத்திரத்தில் உறைந்து, மெல்லிய நாடாவாகத் தெறிக்கும். அதைப் பொடித்து, பதப்படுத்தி, நைலானோடு கலந்து குருணையாக்கினால் மூலப்பொருள் ரெடி. எடையில் பத்தில் ஒன்பது பங்கு உலோகத் தூள்தான். நைலான் வெறும் பசை. பிறகு பக்கெட் மூடி செய்வது மாதிரியே, இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினில் உருக்கி அச்சுக்குள் செலுத்த வேண்டியதுதான். (தூள் உரசி ஸ்க்ரூவும் பேரலும் சீக்கிரம் தேயும், சாதா ஸ்டீல் தாங்காது.) மெல்லிய வளையமோ, மோட்டார் தண்டோடு சேர்ந்த காந்தமோ, ஒரே அடியில் வந்துவிடும். சின்டர்டு காந்தம் சட்டென்று உடையும். வெட்டி, தேய்த்துத்தான் வடிவத்துக்குக் கொண்டுவர முடியும்.

பலம் குறைவுதானே?

ரொம்பவே. சின்டர்டின் காந்த ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே அதிகம். மின் ஸ்கூட்டரை ஓட்டும் மோட்டாருக்குச் சரிப்படாது. ஆனால் சிறிய விசிறி, தண்ணீர் பம்ப், கார் சென்சாருக்கெல்லாம் இது போதும். முக்கியமாக, சீனா பூட்டு போட்ட டிஸ்ப்ரோசியமும் டெர்பியமும் இதற்குப் பெரும்பாலும் தேவையே இல்லை. நியோடைமியமோ அந்த ஏப்ரல் பட்டியலிலேயே கிடையாது.

சிக்கல் எங்கே?

தூளில். மோல்டிங் தெரிந்த பட்டறைகள் அம்பத்தூரிலும் கோவையிலும் இருக்கின்றன. நியோடைமியம் உள்ள மோனசைட், மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் கிடக்கிறது. நடுவில் இருக்கும் தூள் நுட்பத்துக்குத்தான் மதிப்பு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களில் இந்தத் தூளை உருவாக்கி, ‘மேக்னிக்வென்ச்’ என்ற பிரிவையே தொடங்கியது. 1995-ல் சீன நிறுவனங்கள் அடங்கிய குழுவுக்கு அதை விற்றது. சில ஆண்டுகளில் உற்பத்தி சீனாவுக்குப் போய்விட்டது.

கிள்ளியூர் பகுதி மக்கள் கதிர்வீச்சு பயத்தில் புதிய மணல் சுரங்கத்தை எதிர்க்கிறார்கள். அவர்களிடம் ‘நாட்டுக்குக் காந்தம் வேண்டும்’ என்று சொல்லும் அரசு, மணலை அள்ளுவதற்குக் காட்டும் அவசரத்தில் பாதியையாவது தூள் ஆலைக்குக் காட்டட்டும். காந்தத் திட்டத்தில் பாண்டட் வகையையும் சேர்ப்பது அதற்கு முதல் வேலை.