குதிரைக் கட்டியும் டீக்கடைத் தீர்ப்பும்

சென்ற மாதம் எங்கள் தெருக்கோடியில் ஒரு வெள்ளைக் குதிரைக்கு மரண தண்டனை விதித்தார்கள். விதித்தது டீக்கடை பெஞ்சு.

கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட்டு ஓட்டுகிறவர் ஒருவர் அங்கே குடியிருக்கிறார். அவர் குதிரைக்கு வயது பதினாறு. வாலுக்கு அடியில் கொட்டைப்பாக்கு அளவில் நாலைந்து கறுத்த கட்டிகள். "இது கிளாண்டர்ஸ். மனுஷனுக்கும் தொத்தும். சுட்டுத்தான் தள்ளணும்" என்றார் ஒருவர். "வெறும் சூட்டுக்கட்டி. கம்பியைக் காய்ச்சி ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்" என்றார் இன்னொருவர். இருவரும் குதிரைக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டுதான் பேசினார்கள். வதந்தி பரவி, கைக்கு வந்திருந்த ஒரு கல்யாண ஆர்டரும் போயிற்று. எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நான் மருத்துவன் அல்ல. கால்நடைத் துறையில் எழுத்தராக இருந்தவன். டாக்டர் சொல்லச் சொல்லப் பதிவேட்டில் எழுதுவது என் வேலை. வெறுமனே 'கட்டி' என்று எழுதி நீட்டினால் எங்கள் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். எங்கே இருக்கிறது? எத்தனை நாளாக? ஒன்றா, பலவா? தொட்டால் சுடுகிறதா? வலியில் குதிரை உதறுகிறதா? தோலோடு நகர்கிறதா, உள்ளே ஒட்டியிருக்கிறதா? விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? மேலே முடி இருக்கிறதா? இந்த எட்டுக் கேள்விக்கும் பதில் எழுதிய பிறகே வியாதியின் பெயரைப் பற்றிப் பேச்சு.

ஏன் இத்தனை கேள்வி? ஒரே இரவில் உடம்பெங்கும் தடித்து, அழுத்தினால் குழி விழுந்தால், பெரும்பாலும் ஒவ்வாமை. பூச்சிக்கடியோ புதுத் தீவனமோ காரணமாக இருக்கலாம். பலவும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். மூச்சுத் திணறினால் மட்டும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. சேணம் பதியும் இடத்தில் பட்டாணி போல் கெட்டியாக, வலியில்லாமல், முடி உதிராமல் இருந்தால் அது வேறு ரகம். முதலில் சேணத்தைச் சோதிக்க வேண்டும். மரு மாதிரி சொரசொரப்பாக, முடி உதிர்ந்து இருப்பது 'சார்காய்ட்' ஆக இருக்கலாம். குதிரைத் தோலில் அதிகம் காணப்படும் கட்டி அதுதான். அரைகுறையாக அறுத்தாலும் சுட்டாலும் முன்னைவிட மூர்க்கமாக வளரும். கம்பி காய்ச்சச் சொன்ன பெரியவருக்கு இது தெரியுமா?

தாடைக்கு அடியில் சூடாக வீங்கி, காய்ச்சலும் மூக்குச் சளியும் இருந்தால் 'ஸ்ட்ராங்கிள்ஸ்'. பிரெஞ்சில் 'கூர்ம்'. இளங்குதிரைகளுக்கு அதிகம் வருவது. எங்கள் பள்ளியில் ஆட்டம் போடும் பையன்களைப் பார்த்து வாத்தியார், "கூர்மைத் தள்ளுகிறான்கள்" என்பார். வாலிப ஆட்டத்தை ஆடித் தீர்ப்பதற்கு பிரெஞ்சில் அப்படி ஒரு வழக்கு. அந்த நாளில்தான் எங்கள் ஜட்காக்காரர் குட்டிக்குத் தாடை வீங்கியது. நாலு பேர் அமுக்கிப் பிடித்துச் சூடு போட்டார்கள். தோல் பொசுங்கிய அந்த நாற்றம் இன்றும் என் மூக்கில் இருக்கிறது. தனியே கட்டி ஒத்தடம் கொடுத்திருந்தால் பழுத்துத் தானே உடைந்திருக்கும். பெரும்பாலான குதிரைகள் பிழைத்துக்கொள்ளும் என்பதை அலுவலகத்துக்கு வந்த பிறகு அறிந்தேன்.

சரி, கிளாண்டர்ஸ் பொய்யா? இல்லை. உண்மையான, பயப்பட வேண்டிய நோய்தான். மனிதனைக் கொல்லும். ஆனால் அதன் தோல் கட்டிகள் பெரும்பாலும் கால்களின் உட்புறத்தில் மணி கோத்ததுபோல் வரிசையாக வந்து, உடைந்து, தேன் போல் சீழ் வடியும். சந்தேகம் வந்தாலே அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் ரத்தப் பரிசோதனை உண்டு. தீர்ப்புச் சொல்ல வேண்டியது அந்தப் பரிசோதனை, பெஞ்சு அல்ல.

சாரட்டுக்காரரையும் நான் விடமாட்டேன். ஒரு வருஷமாக வாலைப் பின்னிப் பூச்சுற்றிக் கட்டிகளை மறைத்திருக்கிறார். "ஐயா, தெரிஞ்சா யாரும் கூப்பிடமாட்டாங்க" என்றார். வயிற்றுப்பாடு புரிகிறது. ஆனால் மறைத்ததால்தானே வதந்திக்குக் கால் முளைத்தது? முதல் நாளே ஒரு ரூபாய் நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, தேதி எழுதி வைத்திருந்தால், எவ்வளவு வளர்ந்தது என்று டாக்டர் நொடியில் சொல்லியிருப்பார். அதற்குக் காசா, படிப்பா வேண்டும்? காய்ச்சல் பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும்: ஓய்வில் உள்ள குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் சரியான சூடு.

நானே போய் அரசுக் கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டரை அழைத்து வந்தேன். அவர் தொட்டார், அழுத்தினார், வாலைத் தூக்கிப் பார்த்தார், ஊசியால் மாதிரி எடுத்து அனுப்பினார். மெலனோமா. வயதான வெள்ளைக் குதிரைகளுக்கு வாலடியில் அடிக்கடி வருவது. யாருக்கும் தொற்றாது. பல குதிரைகளில் வருடக்கணக்கில் மெதுவாகவே வளரும். உள்ளே பரவவும் கூடும், அதனால் கண்காணிக்க வேண்டும். உரசிக்கொண்டிருந்த வால்வாரைக் கழற்றச் சொன்னார். குதிரை இப்போது கொள்ளு தின்றுகொண்டு சுகமாக நிற்கிறது.

பெஞ்சு மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்கு வேறு வழக்கு கிடைத்துவிட்டது: என் முழங்கால் வீக்கம். ஒருவர் வாதம் என்கிறார், இன்னொருவர் எருக்க இலையைச் சூடாக்கி வைத்துக் கட்டச் சொல்கிறார். இருவரும் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை.