நேரத்துக்கு வராத பஸ்

1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை போடப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் சென்றது. ஆகையால் அங்கே கிழக்கு மேற்காகப் பிரயாணம் செய்கிறவர்களுக்கு இன்றும் மின்ரயில் என்னும் சௌகரியம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதை எட்டாத பூந்தமல்லியிலிருந்து, பருத்திப்பட்டு வழியாக ஆவடிக்கோ, 1964-ல் தோன்றி இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்கூடங்களைத் தன்னகத்தே கொண்டிருக்கும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கோ வடக்கு நோக்கிச் செல்லவேண்டிய தொழிலாளிக்கு, பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோதான் கதி. பூந்தமல்லிக்கென்று வகுத்த மெட்ரோவும் போரூர், வடபழனி வழியாகக் கடற்கரையை நோக்கியே செல்கிறது.

சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் இல்லை என்பது மகத்தான காரியம், மனமார வாழ்த்துகிறேன். ஆயினும், ஷிப்டுக்குப் பத்து நிமிஷம் பிந்தினால் அரைநாள் கூலியை இழக்கக்கூடிய ஒரு பெண், வருமா வராதா என்று நிச்சயமில்லாத அந்தப் பஸ்ஸுக்காகக் காத்து நின்று, கடைசியில் மனம் சோர்ந்து ஷேர் ஆட்டோவில் ஏறிக் காசு கொடுத்துச் செல்வாளாகில், அந்தச் சலுகையின் பிரயோஜனம் அவளை வந்து சேரவில்லை என்பதே என் அபிப்பிராயம். கடன் வாங்கியாவது மோட்டார் சைக்கிள் வாங்கத் துணிகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களை அதற்கு விரட்டியது பஸ்ஸின் நிச்சயமின்மையே. காலை ஆறு முதல் ஒன்பது வரையிலாவது, இந்தத் தடங்களில் பஸ் வரும் நேரத்தை ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுதிவைத்து, அதைத் தவறாமல் காப்பாற்றும்படி மாநகர் போக்குவரத்துக் கழகத்தாரை வேண்டிக்கொள்கிறேன்.