ஆமென் – கேட்டறிந்து சொல்லும் சம்மதம்

செபம் முடிந்துவிட்டது என்பதற்கு அடையாளமாகவே நம்மில் பலர் ‘ஆமென்’ சொல்கிறோம். ஆனால் இந்த எபிரேயச் சொல்லின் வேர் உறுதியையும் நம்பிக்கையையும் குறிப்பது.

யூதர்கள் நாள்தோறும் மூன்று வேளை செபிக்கின்றனர். சாதாரண நாட்களில் காலையிலும் பிற்பகலிலும் செபத்தை நடத்துபவர் 19 ஆசிகளை உரக்கச் சொல்ல, சபையார் ஒவ்வொன்றுக்கும் ஆமென் என்பர். செபத்தைத் தாமாகச் சொல்லத் தெரியாதவரும் முழுப் பங்காளராக வேண்டும் என்பதற்கே இந்த ஒழுங்கு. ஆசி கூறுபவரைவிட ஆமென் சொல்பவரே பெரியவர் என்ற கருத்தும் அவர்களது தல்மூத் நூலில் உண்டு. கேட்டறியாமல் சொல்வதையோ அந்நூல் ‘அனாதை ஆமென்’ என்கிறது.

விளங்காத மொழியில் செபித்தால் மற்றவர் எவ்வாறு ஆமென் சொல்வர் என்று புனித பவுலும் கேட்கிறார் (1 கொரி. 14:16). இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் திருப்பலி தமிழிலேயே நடக்கிறது. விளங்கவில்லை என்ற சாக்கு நமக்கில்லை.

இது கோயிலோடு முடிகிற காரியமா? மாம்புரி போன்ற கரையோர ஊர்களில் சங்கக் கூட்டங்களும் செபத்துடனேயே தொடங்குகின்றன. பின்னர் ஒருவர் பிரேரணையை முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார், கைகள் உயரும். கடனுக்கோ குடிநீர்த் திட்டத்துக்கோ விபரம் கேளாமல் உயர்ந்த கையும் அனாதை ஆமெனே. பிறகு கடற்கரையில் நின்று முணுமுணுப்பதில் பயனில்லை.

எழுத்தறியாதவருக்கும் விளங்கும்படி கணக்கை உரக்க வாசிப்பது நிர்வாகிகளின் கடமை. கேட்டறிந்து சம்மதிப்பதும், சம்மதித்தபின் தோள்கொடுப்பதும் உறுப்பினரின் கடமை. இறைவனுக்கு ஆமென் சொல்லும் நாவு அயலவரிடமும் வாக்குத் தவறலாகாது.