வளையலைக் கழற்றுமுன் நாலு கேள்வி

"வேலை வேண்டாம்மா, கம்பெனி ஆரம்பிக்கப் போறேன். வெளிநாட்டுக்காரா பணம் போடுவா" என்று ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளே இப்போது சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் தேசத்தில் அவர்களுக்கு என்ன அக்கறை? சகோதரிகளே, அது கடன் அல்ல, துணிகர முதலீடு. வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. கம்பெனியில் பங்கு வாங்கிக்கொள்வார்கள். பல முழுகினாலும் ஒன்றிரண்டு அமோகமாகப் பெருகினால் போதும் என்பது கணக்கு.

சம்பந்தம் பேசுமுன் குடும்பத்தையே விசாரிக்கிறோமே, அது மாதிரி அவர்களும் தேசத்தையே விசாரிக்கிறார்கள். வாங்கும் ஜனம் உண்டா? கெட்டிக்காரப் பிள்ளைகள் கிடைப்பார்களா? சட்டம் அடிக்கடி மாறாதே? பிறகு பங்கை நல்ல விலைக்கு விற்று வெளியேற வழி உண்டா?

ஜனத்துக்கும் மூளைக்கும் நமக்குக் குறைவில்லை. நம் திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஃப்ரெஷ்வொர்க்ஸ். ஆனால் 2021 செப்டம்பரில் அதன் பங்குகள் விற்பனைக்கு வந்தது அமெரிக்க நாஸ்டாக் சந்தையில்! அதே ஆண்டு ஜூலையில் ஜொமாட்டோ நம் நாட்டுச் சந்தையிலேயே பங்கு விற்றது. வெளியேறும் கதவு இங்கேயும் திறந்தது. 2012-ல் வந்து புதுக் கம்பெனிகளை வாட்டிய 'ஏஞ்சல் வரி'யையும் 2024 பட்ஜெட்டில் நீக்கிவிட்டார்கள்.

தேசம் தேறலாம், நம் பிள்ளையின் கம்பெனி? முதலீட்டுக்காரர்கள் பத்து இடத்தில் பிரித்துப் போடுகிறவர்கள். நமக்கு இருப்பதோ ஒரே ஜோடி வளையல். "முதல்ல நீ கொடும்மா" என்றால், கழற்றுமுன் கேளுங்கள்: யார் வாங்குவார்கள், யார் உழைப்பார்கள், சட்டம் என்ன சொல்கிறது, பணம் எப்படித் திரும்பும்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வெளியாரும் பணம் போடுவார்கள்.